பதினேழாம் வரிசைக் கத்தரி

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. பரிசோதனைத் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு கத்தரி இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஐந்து இலையும் ஓட்டை இல்லாமல், சுருளாமல், துடைத்து வைத்ததுபோல் சுத்தம். ஐந்து பேருக்கும் வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். விதைக் கொம்பனியில் முப்பது வருடம் வேலை செய்த நான், அதே சிரிப்பைச் சிரித்துத்தான் ஒரு பெண்ணின் வயிற்றில் அடிக்கப் பார்த்தேன்.

அதைத்தான் எழுதப்போகிறேன். எத்தனை அடி இடைவெளி விடுவது, எந்தப் படிவத்தில் எதை நிரப்புவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதை வாசியுங்கள். நான் எழுதியதுதான், கொஞ்சம் அலுப்பாக இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செடிகளை மதிக்காத ஆள் இந்த வேலையில் நிலைக்க முடியாது. ஒரு வெண்டிச் செடிக்கு ஓடத் தெரியாது, கத்தத் தெரியாது. ஆனால் இலையின் அடிப்பக்கத்தில் நெருக்கமாக மயிரை வளர்த்து வைத்துக்கொண்டு, சாறு உறிஞ்ச வருகிற பூச்சிக்கு வாயை வைக்க இடம் கொடுக்காமல் நிற்கிற இனம் ஒன்று இருக்கிறது. தக்காளிக்குக் காட்டில் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். அவளுடைய இலை மயிரின் நுனியில் பசை. அழுக்கணவன் என்கிற சின்னச் சாறுறிஞ்சிப் பூச்சி வந்து இறங்கினால் கால் ஒட்டிக்கொண்டு அங்கேயே கதை முடிந்தது. சில கத்தரிகள் காய்க்குள் விதையை இறுக்கமாக அடுக்கி வைத்திருக்கும். துளைத்துக்கொண்டு போகிற புழுவுக்கு வழி கிடைக்காது. இன்னும் சில, தின்கிறதைத் தின்றுவிட்டுப் போ என்று விட்டுவிட்டு, புதுத் துளிர் விட்டுக் காய்த்துக்கொண்டே இருக்கும். ஒருவரும் மருந்து அடிக்கவில்லை, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பது வருடம் பார்த்தும் எனக்கு இந்த ஆச்சரியம் போகவில்லை. இப்போதும் வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய் வாங்கும்போது காம்பைத் தடவிப் பார்க்கிறேன். முற்றலா என்று சோதிப்பதாக நினைத்துக் கடைக்காரர் கோபிக்கிறார்.

பூச்சிமருந்து இறக்குமதி நின்றுபோன வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீங்கள் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கடைகளில் மருந்துப் போத்தல் இருந்த தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. கொட்டாஞ்சேனையில் எங்கள் அலுவலக ரெலிபோன் காலையிலிருந்து அடித்தபடி இருக்கும். கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மருந்தில்லாமல் நிற்கிற கத்தரி இருக்கிறதா?

இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

வத்தளைக்கு அப்பால் எங்கள் பரிசோதனைத் தோட்டம். அங்கே இருபது கத்தரி இனங்களை வரிசையாக நட்டிருந்தேன். ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில் ஒரு வரிசை ஊதாக் கத்தரி. ஊதாவின் இலை மழுமழுப்பானது. இலையின் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சிக்கு அது என்றால் உயிர். பூச்சி வராவிட்டால் எங்களுக்குச் சோதனையே இல்லை. அதனால் பூச்சியைக் கூப்பிடுவதற்காகவே ஊதாவை நடுவோம். ஊரெல்லாம் பூச்சி வரக்கூடாது என்று நேர்த்தி வைக்க, வரவேண்டும் என்று நேர்த்தி வைக்கிற ஆட்கள் நாங்கள். எங்களுடைய காவல்காரர் ஒருவர், பூச்சி தின்கிறதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று ஒரு வரிசைக்குத் தினமும் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஒரு போகத்து வேலையை முழுவதாகக் கழுவி ஊற்றிய கதையும் உண்டு. அந்த மனிதரை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

பதினேழாம் வரிசையில் ஒரு பச்சைக் கத்தரி நின்றது. இலையில் மெல்லிய மயிர். இரண்டு போகமும் விடியக் காலையில் போய் இலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி எண்ணினேன். தத்துப்பூச்சிக் குஞ்சு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். சட்டென்று திருப்பினால் மற்றப் பக்கம் போய்விடும். ஊதாவில் இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டு, கடைசியில் கருகிப் போயிற்று. பதினேழாம் வரிசை கோயிலுக்கு உடுத்தி வெளிக்கிட்ட பிள்ளை மாதிரி நின்றது. எனக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. அதுவரைக்கும் மற்றவர்கள் கண்டுபிடித்த இனங்களுக்குத்தான் எண்ணிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது என்னுடையது. நானும் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு காணி தள்ளிப் பிலோமினாவின் தோட்டம். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு பழுதாகி வீட்டோடு இருந்தார். அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, கத்தரி வைத்து, கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கொடுத்துத்தான் அவள் குடும்பத்தை நடத்தினாள். போன போகம் ஊதாவைப் போட்டு, அடிக்க மருந்தில்லாமல் அவ்வளவும் கருகிவிட்டது. இன்னொரு போகமும் போனால் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏதாவது பக்ரரி வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், அந்தப் பச்சையில மட்டும் பூச்சியே இல்லையே. அது என்ன விதை?"

"அதில பூச்சி வராது, பிலோமினா," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. விதையும் கொடுத்தேன். அவள் அதை நம்பி நாற்றுப் போட்டாள்.

இனத்தைச் சந்தைக்கு விடுவதா என்று முடிவெடுக்கிற கூட்டம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. முதலாளி, நான், விற்பனைப் பகுதி நானா, மூன்றே பேர்தான். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்; சொந்தப் பெயரை எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார். மருதானையில் தகப்பனாரின் பலசரக்குக் கடையில் நின்று வளர்ந்தவர். கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் ஏறி இறங்காத விதைக்கடை கிடையாது. பரிசோதனைப் பகுதிக்காரர்களான நாங்கள் விற்பனைப் பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை. விற்பதற்காக அவர்கள் எதையும் சொல்லுவார்கள் என்பது எங்கள் எண்ணம். உங்களுக்கும் அந்த எண்ணம் இந்நேரம் வந்திருக்கும்.

முதலாளி என் படங்களைப் பார்த்துவிட்டு, "விதைப் பக்கற்றில பெரிய எழுத்தில போடுவம், 'தத்துப்பூச்சி தாங்கும் கத்தரி' எண்டு. நானா, எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.

நானா தொகை சொல்லவில்லை. ஒரு படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "மிஸ், பக்கத்தில கருகி நிக்கிற கத்தரிக் கண்டு என்ன?"

"அது ஊதா. பூச்சியைக் கூப்பிடுறதுக்கு நட்டது."

"எல்லா வரிசைக்கும் பக்கத்தில அது ஈக்கிதா?"

"ஓம். அதுதான் முறை."

"அப்ப இந்தப் பச்சை தனிய நின்டா என்ன நடக்கும்?"

"அதில பூச்சி வராது, நானா. ரெண்டு போகம் எண்ணியிருக்கிறன்."

"நீங்க பிழையா எண்ணினீங்கன்டு நான் சொல்லல்ல மிஸ். எங்கட வாப்பாட கடைக்குப் பக்கத்தில ஒரு பெரிய கடை இருந்திச்சி. சனமெல்லாம் அங்கதான் போகும். எங்கட கடையில ஈ கூட வராது. ஒருநாள் அந்தக் கடைய மூடிட்டாங்க. அடுத்த நாள் எங்கட கடையில நிக்க இடமில்ல. எங்கட சாமான் மாறல்ல. பக்கத்துக் கடைதான் இல்லாமப் போச்சி."

முதலாளி சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"பூச்சி என்ன, உங்கட கஸ்ரமரா நானா? விக்கிறது உங்கட வேலை. எண்ணுறது என்ர வேலை."

அவர் படத்தை மேசையில் வைத்தார். "சரி மிஸ், உங்களுக்குத்தான் தெரியும்," என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் காலி வீதி நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. நானாவின் வாப்பாவுடைய கடையை என்னால் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை. அவரை எப்படி மடக்கியிருக்கலாம் என்று இன்னும் நல்ல பதிலாகத் தேடிக்கொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது, அவருக்குச் சொல்ல என்னிடம் பதிலே இல்லை என்பது விளங்கியது. பக்கத்து இலையில் விருந்தைப் படைத்துவிட்டு, இந்த இலையில் இருந்த பழஞ்சோற்றை ஒருவரும் தொடவில்லை என்று இரண்டு போகமாக எழுதி வைத்திருக்கிறேன். பூச்சிக்குப் பச்சை பிடிக்கவில்லையா, ஊதா அதைவிடப் பிடித்திருந்ததா? இரண்டும் வேறு வேறு. இதைப் பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். ஒரு கமக்காரன் இந்தப் பிழையை விடமாட்டான், ஏனென்றால் தன் காணியில் பூச்சியைக் கூப்பிட அவன் எதையும் நடமாட்டான். எங்களைப் போன்ற ஆட்கள்தான் விடுவோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகவில்லை. கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலை நாலைந்து வாங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். சட்டிகளில் நின்ற பச்சைக் கத்தரிகளை வலைக்குள் வைத்து, தத்துப்பூச்சிகளையும் பிடித்து உள்ளே விட்டேன். ஊதா கிடையாது. இருப்பது பச்சை மட்டும்தான். தின்கிறதா பார்ப்போம் என்று விட்டேன். விடை தெரிய இரண்டு கிழமை வேண்டும். பிலோமினா நாற்றை நடப்போவது அடுத்த நாள்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். வலைக்கு வெளியே நின்றுகொண்டு நான் எனக்கே நியாயம் சொல்லத் தொடங்கினேன். இன்னும் ஒன்றும் நிச்சயமில்லையே, என் எண்ணிக்கை சரியாகவும் இருக்கலாமே, எதற்கு அவளை வீணாகப் பயப்படுத்த வேண்டும், விடை வந்தபிறகு சொன்னால் போகிறது. எல்லாம் மிக நியாயமான பேச்சு. ஆனால் விடை வரும்போது அவளுடைய நாற்று மண்ணில் இருக்கும். எனக்கு நிச்சயம் கிடைக்கிற நாளில் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அவளால் ஏதாவது செய்ய முடிந்த நாள் அன்றைய நாள் ஒன்றுதான். நான் வேலியைச் சுற்றி அவளுடைய காணிக்குப் போனேன்.

பிலோமினா நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பிலோமினா, நான் பிழை விட்டிட்டன் போல இருக்கு."

"என்ன பிழை மிஸ்?"

"பச்சையில பூச்சி வராதெண்டு சொன்னனான். ஊதா பக்கத்தில நிக்கேக்க வரேல்லை, அவ்வளவுதான். தனிய நட்டா வருமோ வராதோ எண்டு எனக்குத் தெரியாது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியாதா?"

"தெரியாது. தெரியுறதுக்கு ரெண்டு கிழமை வேணும்."

"ரெண்டு கிழமையில நாத்து முத்திப் போகும் மிஸ்." அவள் குரல் உயரவில்லை. "நான் அன்டைக்கு வேலியில நின்டு கேட்டன்தானே. அப்ப யோசிச்சிருக்கலாமே."

"யோசிச்சிருக்க வேணும்."

"உங்களுக்கு இது படம் எடுக்கிற வேலை. எங்களுக்கு இதுதான் சோறு."

அவள் மேடையில் இருந்த ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தாள், இன்னொன்றையும் பிடுங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நாளைக்கு நான் என்னத்த நடுறது?" என்று கேட்டாள்.

போனை எடுத்து நானாவைக் கூப்பிட்டேன். முதல் நாள் நான் எடுத்தெறிந்து பேசியவரிடமே கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது. "நானா, நீங்கள் நேற்றுக் கேட்டது சரி. நான் மரியாதையில்லாமக் கதைச்சிட்டன்," என்றேன்.

"அத விடுங்க மிஸ். இப்ப எங்க நிக்கிறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏதோ கடை வாசலில் நின்றிருக்க வேண்டும், லொறிச் சத்தம் கேட்டது.

"எனக்குக் கண்டைப் பத்தித் தெரியாது மிஸ். ஆனா சனம் பக்கத்துக் கடைக்குப் போறது உங்களுக்கு நல்லமுன்டா, பக்கத்துக் கடைய ஏன் மூடுறீங்க? தொறந்தே வைங்க."

என் தோட்டத்தில் பூச்சியைக் கூப்பிட நட்ட ஊதாவை இவளுடைய காணியைச் சுற்றி நட்டால், கூப்பிட்ட பூச்சி அங்கேயே நிற்கும். ஒரு கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்திராத மனிதர், நான் எழுதிய கைநூலில் இல்லாத ஒன்றை நடுத்தெருவில் நின்றபடி சொல்லிவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரைக்கும் குறையவில்லை.

"பிலோமினா, உங்களிட்ட ஊதா நாத்து இருக்கோ?"

"பழைய விதை மிச்சம் இருந்ததைப் போட்டு வச்சது கிடக்கு. ஆட்டுக்குப் போடுவம் என்டு விட்டிருக்கிறன்."

சுற்றிவர ஊதா, நடுவிலும் இரண்டு வரிசை ஊதா, மற்றதெல்லாம் பச்சை என்று மண்ணில் தடியால் கீறிக் காட்டினேன். ஊதா வரிசைகளில் காயை எதிர்பார்க்க வேண்டாம், அவை பூச்சிக்கு என்றேன்.

"அப்பிடிச் செய்தா நிச்சயமா நிக்குமா மிஸ்?"

"நிக்கும் எண்டு நினைக்கிறன். நிச்சயமில்லை."

"இப்பதான் மிஸ் நீங்க ஒழுங்கா ஒரு பதில் சொல்றீங்க," என்றாள். ஊதா நாற்று இருந்த பக்கம் நடந்தாள். சனிக்கிழமை நானும் போய் அவளோடு நட்டேன். "மிஸ், நாத்து நடுறீங்களா, சாமிக்குப் பூ வைக்கிறீங்களா?" என்று அவள் கேட்டபோது, கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து வலையைத் தூக்கினேன். பச்சைக் கத்தரியின் இலை ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. ஒன்றைத் திருப்பினேன். குஞ்சுகள் பக்கவாட்டில் ஓடின. வேறு வழி இல்லாதபோது அவை அதையும் தின்கின்றன. என்னுடைய ஒரே இனம். முழங்காலில் இருந்தபடியே அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பித் தரும்படி முதலாளியிடம் கேட்டேன்.

"மிஸ், பக்கற் அச்சுக்குப் போகப் போகுது. ரெண்டு போகம் எண்ணினது நீங்கள்தானே?"

"ஓம் சேர். எண்ணினது சரி. விளங்கிக்கொண்டது பிழை."

பக்கற்றில் எதைப் போடவேண்டும் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். 'தனியே நடவேண்டாம். சுற்றிவர ஊதாக் கத்தரி நடவும்.' முதலாளி அதை இரண்டு தரம் வாசித்தார். "எந்தக் கொம்பனி தன்ர பக்கற்றில, இதோட இன்னொரு விதையையும் வாங்கு எண்டு போடும்? இதை ஆர் வாங்குவான்?"

"நான் விக்கிறன் சேர்," என்றார் அங்கே நின்ற நானா.

பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். நன்றாகப் போகக்கூடிய விதையை விற்பனைக்காரரே ஏன் மறித்தார் என்று. "ஒரு தரம் விக்கலாம் மிஸ். அடுத்த மாசமும் அதே கடைக்காரன்ட மூஞ்சில நான் முழிக்கோணுமே," என்றார். அந்தக் கூட்டத்தில் கத்தரியைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் பிலோமினா மாதிரி ஆட்களை நினைத்துக் கேள்வி கேட்டவர் அவர்.

பிலோமினாவின் காணியில் ஊதா வரிசைகள் கருகின. உள்ளே பச்சையிலும் அங்கொன்று இங்கொன்று சுருண்டதுதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் காய்த்தது. சந்தைக்குப் போகிற அளவுக்குக் காய்த்தது. அவள் காணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு நன்றி சொல்லவும் இல்லை. ஒரு பை கத்தரிக்காயைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "ஊதா நல்லாக் கருகியிருக்கு மிஸ், வந்து எண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே உங்கள் படத்தைப் பார்த்ததும் அந்த ஐந்து இலைகளை நான் பார்க்கவில்லை. பின்னால் என்ன நிற்கிறது என்று தேடினேன். படத்தில் தெரியவில்லை. அடுத்த முறை கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு அலுவலாகப் போனபோது, வழியில் இருந்த விதைக்கடை ஒன்றுக்குள் ஏறினேன். வீட்டு பல்கனியில் இரண்டு சட்டியில் வைக்கலாம் என்று பச்சைக் கத்தரி ஒரு பக்கற் கேட்டேன். கடைக்காரர் றப்பர் வளையம் போட்டுக் கட்டிய இரண்டு பக்கற்றை எடுத்து வைத்தார். ஒன்று பச்சை, மற்றது ஊதா.

"எனக்குப் பச்சை மட்டும் போதும்," என்றேன்.

"பச்சைய மட்டும் தரேலாது அம்மா."

"ஏன்?"

"இது தனிய நிக்காது. பக்கத்தில ஊதா இருந்தாத்தான் பூச்சி அங்க போகும். நீங்க தனிய நட்டுட்டுப் பிறகு வந்து எங்களத்தான் ஏசுவீங்க."

"ஆர் சொன்னது?"

"முந்தி ஒரு நானா வருவார், அவர் சொல்லித் தந்தது. இப்ப அவர் ஓய்வெடுத்திட்டார். சேத்துக் கட்டித்தான் குடுக்கோணும் என்டு எல்லாக் கடைக்கும் சொல்லி வச்சிருக்கிறார்." நான் நின்ற விதத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "அம்மாவுக்குக் கத்தரியப் பத்தி அவ்வளவாத் தெரியாது போல," என்றார்.

"ஓம்," என்றேன். "தெரியாது."

இரண்டு பக்கற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.